மனம்விட்டுப் பேசுவோம்: நாலு தரம் போனாள், நிறுத்திவிட்டாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, எழுதியவர்கள் வேறு வேறு ஊராக இருந்தாலும், சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. உளவளத்துணை, கவுன்சிலிங், உளச்சிகிச்சை, எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, உட்கார்ந்து பேசுவதால் சிலருக்குச் சுகமாகிறது, சிலருக்கு ஒன்றும் நடப்பதில்லை, ஏன்? ஆகவே இந்தத் தடவை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

பொகவந்தலாவை வாசகி: அக்கா, என் தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து சரியில்லை. சாப்பிடுவதில்லை, தூக்கமில்லை, சும்மா இருக்கும்போதே கண் கலங்குகிறது. ஆஸ்பத்திரியில் பேசுவதற்கென்று ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். நாலு தரம் போனாள். கூடப் போவது நான்தான், போகும் நாளெல்லாம் எனக்கு ஒரு பேர், ஒரு நாள் சம்பளம், போகிறது, பஸ் காசு வேறு. "அந்த மிஸ் நல்ல மாதிரிதான், ஆனா என்ன செய்றாங்கன்னே தெரியல" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். மாமியார் குறி சொல்கிற கோடாங்கியிடம் கூட்டிப் போகலாம் என்கிறார். பேசினால் வருத்தம் போய்விடுமா?

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன் தங்கச்சி. "செத்துப் போனால் தேவலை", "இந்தப் பிள்ளை என்னிடம் இருக்கக் கூடாது" என்ற மாதிரி ஏதாவது உங்கள் தங்கச்சி வாயில் வந்ததா? யாரும் இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளையை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்கிறாளா? அப்படியென்றால் இந்தப் பதிலை மேலே வாசிக்க வேண்டாம், இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அது பேச்சோடு மட்டும் நிற்கிற விஷயமில்லை. இரவு நேரமென்றால் 1926க்கு போன் எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவள் நிறுத்தியதற்காக அவளை ஏச வேண்டாம். உலகம் முழுக்க நடந்த 669 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிகிச்சைக்குப் போகிறவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் முடிவதற்கு முன்பே நின்றுவிடுகிறார் என்று தெரிந்தது. நம் பக்கத்தில் ஒரு நாள் பேரும் பஸ் காசும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நின்றுவிடுவதில் என்ன அதிசயம்?

இனி உங்கள் கேள்வி, பேசினால் போகுமா என்பது. இதே கேள்வியை 1952இல் லண்டனில் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் கேட்டு, பெரிய சண்டையையே கிளப்பிவிட்டார். சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இரண்டு வருஷத்தில் தேறிவிடுகிறார்கள், அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு என்றார். அதற்குச் சரியான பதில் வர இருபத்தைந்து வருஷம் பிடித்தது. 1977இல் அமெரிக்காவில் மேரி ஸ்மித், ஜீன் கிளாஸ் என்ற இருவர் 375 ஆய்வுகளைக் கூட்டிக் கணக்கெடுத்து, சிகிச்சை எடுத்த சராசரி ஆள், எடுக்காதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். ஆகவே, ஆம், பேச்சு வேலை செய்கிறது. ஆனால் எந்தப் பேச்சும் அல்ல, சும்மா ஆறுதலும் அல்ல. உங்கள் தங்கச்சி சொன்ன அந்த ஒரு வசனத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எட்வர்ட் போர்டின் என்பவர் 1979இல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். சிகிச்சை தருகிறவரும் எடுக்கிறவரும் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் ஒத்துப்போக வேண்டும், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒத்துப்போக வேண்டும், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பிடிப்பு, நம்பிக்கை இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் கூடுகிறது என்று 2018இல் 295 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பெரிய வேலை சொல்கிறது. அதுவே எல்லாமும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் இவ்வளவு தரம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட காரணங்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை. உங்கள் தங்கச்சிக்கு மூன்றாவது இருக்கிறது, "நல்ல மாதிரி" என்கிறாளே. முதல் இரண்டும் இல்லை. என்ன செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரியவில்லை என்பது அந்த மிஸ்ஸுக்கும் தெரியாது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரியில் எதைக் கேட்டாலும் "ஆமாங்க மிஸ், சரிங்க மிஸ்" என்று தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டினதும் "இது ஆவாது" என்பார்கள். நானும் இந்த மலையில் பிறந்தவள்தான், துரைக்கும் டொக்டருக்கும் முன்னால் வாய் திறக்காமல் நிற்கிற பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். மாத்திரை என்றால் தலையாட்டிவிட்டு விழுங்கினாலும் வேலை செய்யும். இதில் அப்படி நடக்காது.

ஆகவே ஐந்தாம் தரம் போகட்டும், போய் இதையே சொல்லட்டும்: "மிஸ், நீங்க என்ன செய்றீங்கன்னு எனக்கு விளங்கல. எத்தனை தரம் வரணும், வீட்ல நான் என்ன செய்யணும், சரியாகுதுன்னு எதை வச்சு தெரிஞ்சுக்கிறது?" தன்னால் கேட்க முடியாது என்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார். கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான், வேறு ஆள் கேட்கலாம்.

நாலு தரம் போதாதா என்றால், 1986இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கணக்குப்படி எட்டுத் தரம் போகும்போது பாதிப் பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிற முன்னேற்றம் வந்திருந்தது, இருபத்தாறு தரத்தில் முக்கால்வாசிப் பேருக்கு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தாறு தரம் போகச் சொல்லவில்லை. ஆறேழு தரம் போயும் இம்மியும் அசையவில்லை என்றால் வழியை மாற்றுவது பற்றி வாய்விட்டுப் பேச வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கே பொருந்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவும் செய்து 2008இல் வெளியிட்டது. டொக்டர்களை வைத்து அல்ல, நம் மிட்வைஃப் மிஸ்மார் மாதிரி வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருந்த தாய்மாரைப் பதினாறு தரம் பார்க்க வைத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது, அப்படிப் பார்த்த தாய்மாரில் 100க்கு 23 பேருக்கு மனச்சோர்வு இருந்தது, வெறுமனே வந்து பார்த்துவிட்டுப் போன தாய்மாரில் 53 பேருக்கு. அவர்கள் இதை மனநோய்ச் சிகிச்சை என்று சொல்லவே இல்லை, பிள்ளை நன்றாக வளரத் தாய்க்கு உதவி என்றுதான் சொன்னார்கள். மாமியார்களும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் பேரப்பிள்ளை விஷயமாயிற்றே! உங்கள் வீட்டு மாமியாரிடமும் இந்தப் பக்கமாகப் பேசிப் பாருங்கள்.

கோடாங்கி விஷயம். நான் சிரிக்க மாட்டேன். ஜெரோம் ஃபிராங்க் என்ற அமெரிக்க மனநல வைத்தியர் 1961இலேயே எழுதினார், சாமியாடியும் மனநல வைத்தியரும் ஒரு விதத்தில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று. நம்புகிற ஓர் ஆள், அதற்கென்று ஓர் இடம், என்ன நடந்தது என்று ஒரு விளக்கம், சேர்ந்து செய்கிற ஒரு காரியம், இந்த நாலும் மனம் உடைந்தவருக்குத் தெம்பைத் திருப்பிக் கொடுக்கின்றன என்றார். உடுக்கை அடித்துக் குறி சொல்லும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்து "உனக்கு என்னம்மா" என்று ஒரு பொம்பிளையிடம் கேட்கிறதே, சில வீடுகளில் அவளை அப்படிக் கேட்பது அன்றைக்கு மட்டும்தான். போக ஆசைப்பட்டால் போகட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, கடன் வாங்கிச் செலவழிப்பது, டொக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவது, இவை கூடாது. கிளினிக் திகதியைத் தவறவிடவும் கூடாது.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் தலவாக்கலை வாசகர்: அக்கா, பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன் போல வருகிறது. ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை, பேனிக், திடீர்ப் பீதி என்றார்கள். யூடியூபில் பார்த்தால் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற முறை) என்கிறார்கள், இஎம்டிஆர் (கண்ணை அசைத்துக்கொண்டே கசப்பான ஞாபகத்தை நினைக்கிற முறை) என்கிறார்கள், சிறுவயது ஞாபகங்களைத் தோண்ட வேண்டும் என்கிறார்கள். எது பெஸ்ட்? வயதான, அனுபவமுள்ள ஆளிடம் போவதுதானே நல்லது?

தம்பி, 1936இலேயே சோல் ரோசன்ஸ்வைக் என்பவர் எழுதிவிட்டார், ஒன்றோடொன்று சண்டை போடுகிற முறைகளெல்லாம் கடைசியில் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன, ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றுதான் வேலை செய்கிறது என்று. மனச்சோர்வு மாதிரி விஷயங்களில் அது இன்றைக்கும் பெருமளவுக்குச் சரி. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அப்படி விட மாட்டேன். பேனிக், குறிப்பிட்ட ஒன்றைக் கண்டு பயம், கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற மாதிரி நோய்கள், இவற்றுக்கு முறை முக்கியம். பயப்படுகிற விஷயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முகம் கொடுக்கிற பயிற்சி அதில் இருக்க வேண்டும், நீங்கள் சொன்ன சிபிடியில் அது உண்டு. படியில் ஓடி ஏறச் சொல்லி வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைப்பார்கள், படபடத்தால் சாவதில்லை என்று உடம்பே படித்துக்கொள்ளட்டும் என்று. பிறகு ஒரு ஹோல்ட், அதாவது ஒரு பஸ் தரிப்பு, தூரம் பஸ்ஸில், அப்புறம் இரண்டு ஹோல்ட். அறையில் பேசுவது வாரத்தில் ஒரு மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸும் நீங்களும்தான், வீட்டில் செய்யச் சொல்கிற பயிற்சியைச் செய்கிறவர்களுக்குப் பலன் கூட என்பது திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். மாதக்கணக்காகச் சிறுவயதை மட்டும் பேசிக்கொண்டிருந்து பஸ்ஸில் ஏறுகிற பேச்சே வரவில்லை என்றால், "எப்போ ஏறப் போறோம்?" என்று நீங்களே கேளுங்கள்.

அனுபவம் பற்றி நீங்கள் நினைப்பது எல்லோரும் நினைப்பதுதான், நானும் என் நரைத்த முடியைக் காட்டிப் பெருமைப்பட ஆசைப்படுகிறவள்தான். ஆனால் 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 170 சிகிச்சையாளர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அனுபவம் ஏற ஏறப் பலன் கூடவில்லை, சராசரியில் துளிக் குறையவே செய்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, நிச்சயமாக உண்டு, அது வயதில் இல்லை. "போன கிழமை நான் சொன்னது உதவியதா, இல்லையா?" என்று ஒவ்வொரு தரமும் கேட்டு, இல்லை என்றால் மாற்றிச் செய்கிற ஆளாகப் பாருங்கள். வழி தவறிப் போய்க்கொண்டிருக்கிறவர்களை அப்படிக் கேட்டுத்தான் நேரத்தோடு கண்டுபிடிக்க முடிகிறது. இருபது வருஷம் ஒருத்தரிடமும் அதைக் கேட்காதவருக்கு இருபது வருஷமும் ஒரே வருஷம்தான்.

அப்புத்தளைப் பக்கத்து வாசகர்: மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் சரிந்தது. என் மனைவி மழை பெய்தால் தூங்குவதில்லை, பிள்ளைகளை உடுத்திவிட்டு இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்திருப்பாள். அந்த நேரம் வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள், அதற்குப் பிறகுதான் இவளுக்குக் கூடியது. இப்போது போகிற இடத்தில் சிங்களம் மட்டும் பேசுகிற ஒருவர், மூத்த மகன் மொழிபெயர்க்கிறான். பலன் இல்லை.

ஐயா, உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றுமே கனமானவை.

நடந்த சூட்டோடு எல்லோரையும் உட்கார வைத்து, ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது நல்லெண்ணத்தில் செய்வதுதான், உலகம் முழுக்கச் செய்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தபோது அது பிற்காலப் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது என்று தெரிந்ததால், உலக சுகாதார நிறுவனமே அதைச் செய்ய வேண்டாம் என்றுவிட்டது. உளச்சிகிச்சையால் கெடுதல் வராது, பேச்சுத்தானே என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மோசமாகிறவர்கள் எல்லா இடத்திலும் சிறு தொகையாவது உண்டு. இதற்கென்று உள்ள சிகிச்சை வேறு, பல தரம் சந்தித்து, முதலில் ஆளைத் திடப்படுத்தி, அவர் கையில் வேகத்தைக் கொடுத்து மெதுவாக அந்த இரவுக்குள் போகிற வேலை அது. நடுவில் ஓரிரு கிழமை கனவு கூடலாம், அதை முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.

மொழி. இதில் எனக்குக் கோபமே வருகிறது. அம்மா மழை இரவில் என்ன பார்த்தாள் என்பதைப் பெற்ற மகன் வாயால் மொழிபெயர்க்க வைத்தால், அவள் எதைச் சொல்வாள்? மகனுக்குத் தாங்காது என்று பாதியை விழுங்குவாள், அவனும் அம்மாவைக் காப்பாற்ற மீதியில் பாதியை விழுங்குவான், கடைசியில் அந்த ஆலோசகர் கேட்பது நாலில் ஒரு பங்கு. அமெரிக்காவில் 76 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் எழுதியவர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கு அவரவர் மொழியில் சிகிச்சை கொடுத்தபோது ஆங்கிலத்தில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு பலன் கண்டதாகச் சொன்னார்கள். "நெஞ்சு பதறுது", "மனசு இல்ல", "யோசனையாவே இருக்கு", இதையெல்லாம் எந்த மொழியில் மாற்றுவது? தமிழ் பேசுகிற ஆலோசகர் வேண்டும் என்று கிளினிக்கில் கேளுங்கள், கேட்பது தயவு இல்லை, தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. பக்கத்தில் ஆள் இல்லையென்றால் போனிலாவது தமிழில் பேச ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் கிடைக்காத வரைக்கும், மொழிபெயர்க்க வளர்ந்த, வெளி ஆள் ஒருவர் இருக்கட்டும். மகன் வேண்டாம்.

மூன்றாவது, நீங்கள் எழுதாதது. இப்போதும் அதே லயத்தில், அதே சரிவுக்குக் கீழேதான் இருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் மனைவியின் பயத்தில் பாதி நோய் இல்லை, புத்தி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை அறிந்தவர்கள் மழைக்கு விழித்திருப்பவளைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். சிகிச்சையின் பலனில் பெரிய பங்கு அந்த அறைக்கு வெளியேதான் இருக்கிறது, வீடு, வருமானம், கூட இருக்கிற ஆட்கள், வருத்தத்தின் கடுமை எல்லாம் சேர்ந்து. மண் அசைகிற இடத்தில் இருப்பவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, பயப்படாதே என்பது என் தொழிலுக்கே அவமானம். கிராம உத்தியோகத்தரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கொடுங்கள், அந்த இடம் ஆபத்தானதா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் எழுதுவதும் அவளுடைய சிகிச்சையில் ஒரு பகுதிதான், அவளையும் கையெழுத்துப் போட வையுங்கள்.

மஸ்கெலியா வாசகி: வீட்டுக்காரர் குடிக்கிறார். இழுத்துக்கொண்டாவது கவுன்சிலிங்குக்குப் போகலாமா?

இழுத்துக்கொண்டு போனால் உட்கார்ந்திருப்பார் அம்மா, அவ்வளவுதான். வில்லியம் மில்லர் என்பவர் 1983இல் குடிப்பவர்களிடம் பேசுகிற ஒரு முறையை எழுதினார், அதன் சாரம், நாம் "விடு விடு" என்று தள்ளத் தள்ள அவர் "ஏன் விட முடியாது" என்பதற்குக் காரணம் அடுக்கிக்கொண்டே போவார், ஆகவே விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பது. அவர் குடிக்காமல் இருக்கிற ஒரு காலை நேரத்தில், சண்டை இல்லாமல், "இது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள், நடுவில் எதுவும் சொல்லாமல். கஷ்டம், தெரியும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆகவே நிறுத்த மனம் வந்த அன்றே டொக்டரிடம் போங்கள். அடிக்கிறார் என்றால் முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க இடம் பாருங்கள், அவருடைய மனமாற்றம் அப்புறம்.

பெயர், ஊர் இல்லாமல் வந்த ஒரு துண்டு: கிளினிக்குக்குப் போனால் "அங்கொடை கேஸ்", மனநல ஆஸ்பத்திரி ஆள், என்று லயம் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். நான் பேசுவது வெளியே போகாதா?

நீங்கள் பேசுவதை ஆலோசகர் வெளியே சொல்லக் கூடாது, உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை என்று வந்தால் மட்டும் விதிவிலக்கு, அதையும் முதல் நாளே அவர் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள், வெட்கத்தை மறைத்துக்கொண்டு பாதிப் பேச்சுப் பேசுகிறவருக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கும். லயம் பேசுவதை என்னால் நிறுத்த முடியாது. கொஞ்சம் தள்ளி வேறு ஊர் கிளினிக்குக்குப் போகலாம், பஸ் காசு கூடும், பலர் அப்படித்தான் போகிறார்கள். அங்கேயும் வாங்கில் பக்கத்து லயத்துக்காரி உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அவளும் உங்களைப் பார்க்காத மாதிரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் இருப்பாள்.